உள்ளே போகாத நீல மை

எங்கள் பள்ளியின் உயிரியல் ஆய்வகத்தை இருபத்தாறு வருடம் பார்த்துக்கொண்டவரை மாணவிகள் 'லேப் அக்கா' என்று கூப்பிடுவார்கள். ஆசிரியர்களும் அப்படித்தான் கூப்பிட்டோம். தட்டுகளைக் கழுவுவது, கத்தரிகளைத் துடைத்து எண்ணெய் தடவுவது, நுண்ணோக்கிக் கண்ணாடித் தகடுகளை அடுக்குவது, மூலையில் நிற்கும் எலும்புக்கூட்டுக்குத் தூசி தட்டுவது எல்லாம் அவருடைய வேலை. நான் வேதியியல் ஆசிரியை. என் அறைக்கும் அவர் அறைக்கும் நடுவே பாதி மரமும் பாதிக் கண்ணாடியுமாக ஒரு தடுப்பு. ஆகவே நான் சொல்லப்போவதில் முக்கால்வாசி நானே பார்த்தது. மீதி அவர் சொல்லிக் கேட்டது.

அக்காவின் படிப்பு பள்ளியோடு நின்றுவிட்டது. பதினெட்டு வயதில் கல்யாணம், இருபதில் மகள், முப்பதைத் தாண்டிய பிறகுதான் இந்த வேலை. சேர்ந்த முதல் வருடம் ஒருநாள், வகுப்பில் அறுத்துக் காட்டுவதற்காக வாங்கி வந்த ஆட்டு இதயத்தைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தாராம். ஒரு ஓட்டையில் தண்ணீர் புகுந்து வேறொரு ஓட்டையில் பீறிட்டது. வேடிக்கையாக இருந்ததால் திருப்பிப் பிடித்து, தண்ணீர் வந்த ஓட்டையைக் குழாய்க்கு நேரே காட்டினார். ஒரு சொட்டு உள்ளே போகவில்லை. உள்ளே எதுவோ கதவைச் சாத்திக்கொண்டு நின்றது. குழாயைத் திறந்து போட்டபடி அரை மணி நேரம் அங்கேயே நின்றிருக்கிறார். "தண்ணி வீணாப் போகுதேன்னு ஆயாம்மா வந்து திட்டினப்பதான் டீச்சர் எனக்கு நெனப்பே வந்துச்சு," என்பார்.

அதற்குப் பிறகு மாணவிகள் விட்டுப் போன பழைய பாடப்புத்தகங்களை ஒவ்வொன்றாக வீட்டுக்கு எடுத்துப் போனார். ஐந்தாறு வருடத்தில் அவருக்கென்று ஒரு பாடமுறை உண்டாயிற்று. ஊசி இல்லாத பெரிய சிரிஞ்சு, ஒரு சாண் ரப்பர் குழாய், நூல்கண்டு, நீல மை, சிவப்பு மை, இரண்டு வெள்ளைக் கிண்ணங்கள். அவ்வளவுதான் அவருடைய தளவாடம். உடம்பெல்லாம் சுற்றிக் களைத்து வரும் கெட்ட ரத்தத்துக்கு நீலம். நுரையீரலில் காற்று வாங்கித் திரும்பும் நல்ல ரத்தத்துக்குச் சிவப்பு. நீலத்தைப் பெருஞ்சிரையில் செலுத்தினால் அது வலது மேலறையில் இறங்கி, வலது கீழறைக்குப் போய், அக்கா தன் விரல்களால் இதயத்தை ஒரு அமுக்கு அமுக்கியதும் நுரையீரல் தமனி வழியாக முதல் கிண்ணத்தில் கொட்டும். சிவப்பு இடது பக்கம் புகுந்து அதே மாதிரி பெருந்தமனி வழியாக இரண்டாவது கிண்ணத்தில் விழும். ஒன்றோடொன்று கலக்கவே கலக்காது. பார்த்த பிள்ளைகள் ஒருத்தியும் அதைப் பரீட்சையில் தப்பாக எழுதியதில்லை.

அந்த ஆய்வகத்துக்குப் பொறுப்பாக இருந்த உயிரியல் ஆசிரியரை மாணவிகள் 'கஞ்சி சார்' என்பார்கள். தினமும் மொடமொடவென்று கஞ்சி போட்டுத் தேய்த்த வெள்ளைச் சட்டையில் வருவார். உட்கார்ந்தால் சட்டை முதலில் உட்காரும், அப்புறம்தான் அவர். ரத்தம் தெறிக்கும் என்று தட்டுப் பக்கமே வரமாட்டார். "நீ காட்டு, நான் அப்புறம் வந்து விளக்கறேன்," என்று சொல்லிவிட்டு ஜன்னலோரம் செய்தித்தாளை விரிப்பார். அக்காவைவிட ஐந்து வயது சின்னவர். ஆனாலும் வா, போ, கழுவு, தூக்கு என்றுதான் பேசுவார். அவர் படத்தை வைத்து நன்றாகவே பாடம் நடத்துவார். படத்தில் ஒவ்வொரு குழாய்க்கும் பெயர் எழுதியிருக்கும். தட்டில் கிடக்கும் இதயத்துக்கு யார் பெயர் எழுதிவைப்பார்கள்?

அக்காவின் மகளும் எங்கள் பள்ளியில்தான் படித்தாள். நர்ஸாக வேண்டும் என்பது அவள் ஆசை என்பதைவிட வீட்டின் முடிவு என்றே சொல்லலாம். கடைசி வருடச் செய்முறைத் தேர்வு அன்று வெளியிலிருந்து தேர்வாளர் ஒருவர் வந்திருந்தார். நான் பக்கத்து மேசையில் என் பாடத்து விடைத்தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தேன். கஞ்சி சார் வாய்மொழிக் கேள்வி கேட்டார்.

"தமனி எல்லாத்துலயும் நல்ல ரத்தம், சிரை எல்லாத்துலயும் கெட்ட ரத்தம். சரிதானே?"

"இல்ல சார். நுரையீரல் தமனில போறது கெட்ட ரத்தம்தான். அது இன்னும் சுத்தம் ஆகலயே," என்றாள் பெண்.

அவள் சொன்னது சரி. கஞ்சி சாருக்கும் அது தெரியும். அவசரத்தில் வாய் தவறியிருக்கிறது, அவ்வளவுதான். தேர்வாளர் சிரித்துவிட்டு, "பொண்ணு உங்களையே மடக்கிட்டாளே!" என்றார். அந்தச் சிரிப்புத்தான் வினையாகப் போனது. கஞ்சி சாரின் காது சிவந்தது.

"அம்மா இங்க பாத்திரம் கழுவுறாங்க. பொண்ணு எனக்குப் பாடம் நடத்த வந்துட்டா," என்றார் எல்லாருக்கும் கேட்கும்படி.

அக்கா கத்தரிகளைத் துடைத்துக்கொண்டு அங்கேதான் நின்றார்.

ஐம்பதுக்கு நாற்பத்தொன்று போட்டார் அந்தப் பெண்ணுக்கு. அந்த வருடம் அவர் போட்டதிலேயே குறைந்த மதிப்பெண் அதுதான். நர்ஸிங் இடம் மூன்று மதிப்பெண்ணில் போயிற்று. பெண் வீட்டில் இரண்டு மாதம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்துவிட்டு, கண்ணாடிக் கடையில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கும் வேலைக்குப் போனாள். அக்கா என்னிடம் வந்தார்.

"நீங்க பக்கத்துலயே இருந்தீங்க டீச்சர். நடந்ததைத் தலைமையாசிரியை அம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்ல முடியுமா?"

நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரம். "நான் சரியாக் கவனிக்கல அக்கா," என்று சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். ஐந்து வருடம் என் அறைக்குள் காலெடுத்து வைக்கவில்லை. தடுப்புக் கண்ணாடியைத் துடைக்கும்போதுகூட என் முகம் தெரியும் இடத்தை விட்டுவிட்டுத் துடைப்பார். எனக்கு அது வேண்டியதுதான்.

கஞ்சி சாரிடம் மட்டும் அவர் எதையுமே காட்டிக்கொள்ளவில்லை. முன்பைவிடப் பணிவாக நடந்தார். மேசையைத் துடைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, "சரிங்க சார்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாமல் இருந்தார். அவர் மனம் ஆறிவிட்டது என்றே எல்லாரும் நினைத்தோம். பின்னால் ஒருநாள் அவரே சொன்னார்: "ஆறிப்போச்சா? தெனமும் காலைல அந்த அறையைத் திறக்கறப்பவே அந்த ஆள் முகத்துல முழிக்கணும். தெனமும் புதுசா எரியும் டீச்சர். கத்தரியை இறுக்கிப் புடிச்சுக்குவேன்."

இப்படிப் பதினோரு வருடம் போயிற்று. அந்த வருடம் கஞ்சி சாருக்கு ஒரு யோசனை பிறந்தது. வழக்கத்துக்கு மாறாக அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, அக்கா இதயப் பாடம் காட்டுவதை மூன்று நாள் நோட்டில் குறித்துக்கொண்டார். ஆறு மாதம் கழித்து அச்சடித்த கையேடு ஒன்று வந்தது. சிரிஞ்சு, ரப்பர் குழாய், நீல மை, சிவப்பு மை, இரண்டு வெள்ளைக் கிண்ணங்கள். எல்லாமே கஞ்சி சாரின் கண்டுபிடிப்பாம். கல்வி அலுவலகம் அதை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பியது. முன்னுரையில் மனைவிக்கு நன்றி, தலைமையாசிரியைக்கு நன்றி, அச்சகத்தாருக்கு நன்றி. அக்காவைப் பற்றி ஒரு எழுத்து இல்லை. பிரதியொன்றை அக்கா முன்னால் போட்டு, "இதைப் பத்திரமா அலமாரில வை. அழுக்குக் கையால தொடாதே," என்றார்.

அக்கா கையைக் கழுவிவிட்டு வந்து படித்தார். பதினான்காம் பக்கத்தில் நின்றுவிட்டார். அன்று மாலை, அத்தனை வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக என்னோடு பேருந்து நிறுத்தம் வரை சேர்ந்து நடந்து வந்தார். அந்தப் பக்கத்தை என்னிடம் காட்டினார்.

"'நமக்கு வலப்பக்கம் தெரியும் பருத்த குழாயே பெருஞ்சிரை. அதில் ரப்பர் குழாயை இறுக்கிக் கட்டவும்.' படிச்சீங்களா?"

"படிச்சேன். என்ன தப்பு?"

"எதிர்ல நிக்கற ஆளோட வலது கை உங்களுக்கு எந்தப் பக்கம் இருக்கும்? இடது பக்கம். தட்டுல நம்மளப் பாத்துக் கெடக்கற இதயமும் அப்படித்தான். நான் 'வலது பக்கம்'னு சொன்னது இதயத்தோட வலது. அந்த ஆள் அதைத் தன்னோட வலதுன்னு எழுதிட்டாரு. அவரு சொல்ற குழாய் பெருஞ்சிரை இல்ல. அது நுரையீரல் தமனி."

"ஐயையோ! எல்லா ஸ்கூலுக்கும் போயிருக்கே. யாராவது செஞ்சு பாத்தா?"

"யாரு செஞ்சு பாப்பா? எல்லாரும் வாங்கி அலமாரில வச்சிருப்பாங்க," என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. "நீங்க இதை யாருகிட்டயும் சொல்லாதீங்க டீச்சர். நீங்கதான் எதையும் கவனிக்கறதில்லயே."

அந்தக் குத்தலை வாங்கிக்கொண்டேன். முன்பு பயந்து வாயை மூடிய நான், இந்தத் தடவை அவருக்காக மூடினேன்.

ஏழு மாதம் அவர் காத்திருந்தார். அந்த ஏழு மாதமும் எங்கள் பிள்ளைகளுக்குத் தன் முறைப்படிச் சரியாகவே காட்டினார். கையேட்டைத் தினமும் ஒருமுறை அலமாரியிலிருந்து எடுத்து, பதினான்காம் பக்கத்தைப் பார்த்துவிட்டு, பழையபடி வைத்துவிடுவார். யாராவது திருத்தியிருப்பார்களோ என்று அவருக்குப் பயம். கடைசியில் கல்வி அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. கையேட்டை எழுதியவரே நாற்பது பள்ளிகளின் உயிரியல் ஆசிரியர்களுக்கு நேரில் செய்து காட்ட வேண்டும். இடம், எங்கள் பள்ளியின் பெரிய கூடம்.

அன்று காலை கஞ்சி சார் புதுச் சட்டையில் வந்தார். மேடையில் நீள மேசை, தட்டுக்கு மேலே கேமரா, பின்னால் பெரிய திரை. முதல் வரிசையில் கல்வி அலுவலரான அம்மையார். அவருக்குப் பின்னால் நாற்பது ஆசிரியர்கள். ஓரத்தில் எங்கள் மாணவிகள் இருபது பேர். நான் கதவருகே நின்றேன்.

"எல்லாம் ரெடியா?" என்று கேட்டார் கஞ்சி சார்.

"ரெடி சார். உங்க புஸ்தகத்துல போட்டிருக்கறபடியே கட்டி வச்சிருக்கேன். எழுத்துக்கு எழுத்து."

"ம். தள்ளி நில்லு."

அவர் பேச்சு நன்றாகத்தான் இருந்தது. "உடல் முழுவதும் சுற்றிவந்த அசுத்த ரத்தம், இதோ, பெருஞ்சிரை வழியாக இதயத்துக்குள் நுழைகிறது," என்று சொல்லிச் சிரிஞ்சை அழுத்தினார். திரையில் எல்லாரும் பார்த்தோம். நீலம் உள்ளே போகவில்லை. குழாய் மட்டும் கொஞ்சம் உப்பியது. அவர் இன்னும் அழுத்தினார். நுரையீரல் தமனியின் அடியில் மூன்று சின்னப் பைகள் போன்ற வால்வு இருக்கிறது. கீழறையிலிருந்து வெளியே போகும் ரத்தத்துக்கு அது வழிவிடும். வெளியே இருந்து திரும்பி வருவதற்கு வழிவிடாது. எவ்வளவு பலமாகத் தள்ளுகிறோமோ அவ்வளவுக்குப் பைகள் நிரம்பி, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு இறுகி மூடும். கஞ்சி சாருக்கு நெற்றி வியர்த்தது. இரண்டு கையாலும் சிரிஞ்சைப் பிடித்து ஒரே தள்ளு தள்ளினார்.

நூல் நழுவியது. ரப்பர் குழாய் பாம்பு மாதிரி துள்ளி எழுந்து, இருந்த மை அத்தனையையும் அவர் மார்பிலும் மோவாயிலும் கக்கியது.

மாணவிகள் பக்கமிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி எல்லா வரிசைக்கும் பரவியது.

"என்னத்தக் கட்டி வச்சிருக்க நீ?" என்று அக்காவின் மேல் பாய்ந்தார் கஞ்சி சார்.

அக்கா கையேட்டைப் பதினான்காம் பக்கத்தில் விரித்து அலுவலர் அம்மையாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். அம்மையார் அதை உரக்கப் படித்தார். மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு ஆசிரியை எழுந்து, "மேடம், அது வெளிய போற வழி. அங்கேர்ந்து உள்ள தள்ளினா எப்படிப் போகும்? புஸ்தகத்துலயே இடது வலது மாறியிருக்கு," என்றார். மறுபடி சிரிப்பு. அம்மையார் சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்தார்.

"உங்களுக்குச் சரியாச் செஞ்சு காட்டத் தெரியுமா?"

"நான் பாத்திரம் கழுவுறவ மேடம்," என்றார் அக்கா. கஞ்சி சாரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். கஞ்சி சாரின் தலை மெல்ல நிமிர்ந்தது. என்ன நடக்கிறது, எதற்காக நடக்கிறது என்று அந்த நிமிடம்தான் அவருக்குப் புரிந்தது. முகத்தில் மை இல்லாத இடமெல்லாம் வெளுத்துப் போயிற்று.

"நான் கேட்டது அது இல்ல. தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் மேடம். சார் சொல்லட்டும், செய்யறேன்."

எல்லாரும் கஞ்சி சாரைப் பார்த்தார்கள். அவர் தொண்டையைச் செருமினார். "காட்டு," என்றார்.

அக்கா துண்டை எடுத்து நிதானமாகக் கையைத் துடைத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். நகரவில்லை.

"என்ன, காட்டு!"

அக்கா துண்டை மடித்தார். அதை மறுபடி விரித்து, வேறு மாதிரி மடித்தார். அம்மையார் கடிகாரத்தைப் பார்த்தார். கூடத்தில் யாரோ இருமினார்கள். எவ்வளவு நேரம் போனதோ தெரியாது, எனக்கு நெடுநேரம் மாதிரி இருந்தது.

"காட்டுங்க," என்றார் கஞ்சி சார்.

அக்கா பனிக்கட்டிப் பெட்டியைத் திறந்து இன்னொரு இதயத்தை எடுத்தார். அதைச் சரியாகக் கட்டித் தயாராக வைத்திருந்தார். "சார், கிண்ணத்தைப் புடிங்க," என்றார். கஞ்சி சார் பிடித்தார். மையும் வியர்வையுமாக நின்றபடி பாடம் முழுக்கப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அப்படி ஒரு பாடத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டதில்லை. "இது நம்மளப் பாத்துக் கெடக்கு. அதனால இதோட வலது நமக்கு இடது. மொதல்ல இதை மனசுல போட்டுக்கங்க. இதைத் தப்பா வச்சா எல்லாமே தப்பு," என்று ஆரம்பித்தார். நீலம் பெருஞ்சிரையில் இறங்கியது. வலது மேலறை புடைத்தது. "இப்ப மேலறை சுருங்குது. மூணு இதழ் வால்வு கீழ்ப்பக்கம் திறக்குது. ரத்தம் கீழறைக்கு எறங்குது. இப்ப நான் அமுக்கறேன், பாருங்க. மேல போற கதவு சாத்திக்கிச்சு. ரத்தத்துக்கு வேற வழி இல்ல." நீலம் வளைந்து வந்து கிண்ணத்தில் விழுந்தது. கிண்ணம் லேசாக ஆடியது.

அக்கா அங்கே நிறுத்தினார்.

"சார், இந்தக் குழாய் பேரு என்ன?"

"நுரையீரல் தமனி."

"இதுல போறது நல்ல ரத்தமா, கெட்ட ரத்தமா?"

அவர் கிண்ணத்தைப் பார்த்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அக்கா இப்போது பழைய கதையைப் போட்டு உடைப்பார், நாற்பத்தொன்றைச் சொல்லுவார் என்று நினைத்தேன்.

"கெட்ட ரத்தம்."

"சத்தமா. பின்னால இருக்கறவங்களுக்குக் கேக்கல."

"கெட்ட ரத்தம்."

"சரி. உக்காருங்க," என்றார் அக்கா.

கஞ்சி சார் போய் உட்கார்ந்தார். அக்கா சிவப்பு மையை எடுத்து இடது பக்கத்துப் பாடத்தைத் தொடர்ந்தார்.

கையேட்டைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். திருத்திய பதிப்பில் அக்காவின் பெயரையும் போட வேண்டும் என்று அம்மையார் உத்தரவு போட்டார். போட்டார்கள், கடைசிப் பக்கத்தில், கண்ணாடி போட்டுத் தேட வேண்டிய அளவு எழுத்தில். கஞ்சி சாருக்கு வேலைக்கு ஆபத்து ஒன்றும் வரவில்லை. ஆனால் வகுப்பில் அவர் திரும்பிக் கரும்பலகையில் எழுதினால் போதும், எங்கிருந்தோ 'புஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும். வேறு பள்ளிக்கு மாற்றல் கேட்டார். அது கிடைக்க ஒன்றரை வருடம் ஆயிற்று. அந்த ஒன்றரை வருடமும் அக்கா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க சார்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். தினமும், அதே குரலில்.

ஒருநாள் மதிய இடைவேளையில் அந்த மனிதர் ஆய்வகத்தில் தனியாக உட்கார்ந்து ஜன்னலையே வெறித்துக்கொண்டிருப்பதைத் தடுப்பு வழியாகப் பார்த்தேன். எனக்கு என்னவோ போல் இருந்தது.

"பாவமா இருக்கு அக்கா. போதுமே," என்றேன்.

"உங்களுக்கு இருக்கட்டும் டீச்சர். எனக்கு இல்ல," என்றார். மிச்சம் இருந்த தட்டைக் கழுவப் போய்விட்டார்.

மேடையில் பாடம் நடந்த அன்றே அக்கா மகளுக்கு ஃபோன் போட்டு ஒன்று விடாமல் சொல்லியிருக்கிறார். அவள் கடையில் வாடிக்கையாளர் நடுவே நின்று கேட்டாளாம். "சட்டை முழுக்கவா? மூஞ்சிலயுமா? எத்தன பேர் இருந்தாங்க?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுச் சிரித்தாளாம். அப்புறம், "எனக்கு இப்ப முப்பது ஆகப்போகுதும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். இதை என்னிடம் சொல்லும்போது அக்காவின் குரல் ஒரே ஒரு இடத்தில் இறங்கியது. உடனே பேச்சை மாற்றிவிட்டார்.

அக்கா ஓய்வுபெற்று நான்கு வருடம் ஆகிறது. ஆஸ்பத்திரி உதவியாளர் பயிற்சி கொடுக்கும் இடம் ஒன்றில் வாரத்துக்கு இரண்டு நாள் பாடம் எடுக்கிறார். அங்கே அவரை மேடம் என்று கூப்பிடுகிறார்கள். போன மாதம் பல் ஆஸ்பத்திரியில் கஞ்சி சாரையும் அவர் மனைவியையும் பார்த்தாராம். கஞ்சி சார் சட்டென்று சுவரில் இருந்த பல் படத்தைப் படிக்க ஆரம்பித்துவிட்டார். மனைவிக்கு விஷயம் எதுவும் தெரியாது போலிருக்கிறது.

"உங்கள எங்கயோ பாத்த மாதிரி இருக்கே. நீங்களும் டீச்சரா?" என்று கேட்டிருக்கிறார் அந்த அம்மா.

"ஆமாங்க. இவருக்கும் ஒரு நாள் பாடம் எடுத்திருக்கேன்," என்றாராம் அக்கா.

"அந்த அம்மாகிட்ட ஏன் அக்கா சொன்னீங்க? அவங்க என்ன செஞ்சாங்க?" என்று கேட்டேன்.

"அவங்க ஒண்ணும் செய்யல," என்றார். "வீட்டுக்குப் போயி என்ன பாடம்னு கேப்பாங்கல்ல? அவரு வாயால சொல்லட்டும்."